ஓட்டு வீட்டுக் கூரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்ததும் ஓட்டு வீட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கும் சந்தேகங்கள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்பவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் சீமை ஓட்டுக் கூரைக்கு உரியவை. நாட்டு ஓட்டுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்தவை என்பதால் முதல் மூன்றையாவது வரிசையாகப் படியுங்கள்.

எங்க வீட்டுல இருக்கிறது நாட்டு ஓடா, சீமை ஓடா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்டது. உள்ளங்கையைக் குவித்தாற்போல வளைந்திருக்கும். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளாது. சரிவும் அடுக்கும் சொந்த எடையும்தான் அதை இடத்தில் நிறுத்துகின்றன.

சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, அச்சில் அழுத்திச் செய்தது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய வடிவம் இது. பெரும்பாலும் ஆலையின் பெயரோ முத்திரையோ ஓட்டிலேயே பதிந்திருக்கும். வழக்கமான அளவு நீளம் 410 மில்லிமீட்டர், அகலம் 235 மில்லிமீட்டர். எடை இரண்டரை முதல் மூன்று கிலோ. அடிப்பக்கத்தில் மேல் முனையருகே ரீப்பரில், அதாவது ஓட்டைத் தாங்கும் குறுக்குக் கட்டையில், மாட்டிக்கொள்ளும் மூக்குகள் இருக்கும். இரு பக்க விளிம்பிலும் பள்ளமும் மேடும் இருக்கும். ஒரு ஓட்டின் மேடு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் உட்காரும்.

ஓட்டுக்கு இடையில வெளிச்சம் தெரியுது. அப்போ அது ஓட்டைதானே?

பெரும்பாலும் இல்லை. கான்கிரீட் தளத்தைப் போல ஓட்டுக்கூரை தண்ணீரை அடைத்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு ஓடும் கீழே உள்ள ஓட்டின் முதுகில் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் மூன்றரை அங்குலம் போல ஏறியிருப்பதால், இடுக்கில் காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் வந்தாலும் தண்ணீர் வராது. அந்த இடுக்கு வழியாக வரும் காற்றால்தான் ரீப்பரும், அதைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரமும் நனைந்தாலும் சீக்கிரம் உலர்கின்றன. ஓட்டு வீட்டு மரம் பல பத்தாண்டுகள் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் தள்ளிவிடுவதற்குச் சரிவு வேண்டும். சீமை ஓட்டுக்குக் கிடைமட்டமாக 2 அடிக்கு 1 அடியாவது உயரம் ஏற வேண்டும். அதாவது 26 பாகைக்குக் குறையக் கூடாது. வீட்டோடு ஒட்டிப் பின்னால் இறக்கிய தாழ்வாரங்கள் பல, தலை இடிக்காமல் இருக்க வேண்டும் என்று சரிவைக் குறைத்துப் போட்டவை. அங்கே எத்தனை புது ஓடு மாற்றினாலும் காற்றோடு சேர்ந்த மழையில் ஒழுகும். குறை சரிவில் இருக்கிறது.

வெளிச்சம் ஒரு கோடாக, ஓட்டின் விளிம்பை ஒட்டித் தெரிந்தால் அது இயல்பான இடுக்கு. ஓட்டின் நடுவில் புள்ளியாகவோ குறுக்குக் கோடாகவோ தெரிந்தால் விரிசல்.

ஒழுகுற இடத்துக்கு நேர் மேல இருந்த ஓட்டை மாத்திட்டேன். அப்பவும் ஒழுகுது. ஏன்?

தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் வேறு வேறு. உள்ளே வந்த தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்து ரீப்பருக்கு வரும், ரீப்பரில் ஓடிக் கைமரத்துக்கு வரும், கைமரத்தில் இறங்கி ஏதாவது முடிச்சிலோ ஆணியிலோ சொட்டும். நுழைந்த இடம் சொட்டும் இடத்திலிருந்து 5, 6 அடி மேலே, பக்கவாட்டில் இரண்டு கைமரம் தள்ளிக்கூட இருக்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போதே உள்ளே டார்ச் அடித்து, ஈரக்கோட்டைக் கீழிருந்து மேலாகப் பின்தொடருங்கள். ஈரம் தொடங்கும் இடத்தில் ரீப்பரில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள். மழை விட்ட பிறகு தேடினால் கிடைக்காது.

எப்போது ஒழுகுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். மழை தொடங்கிய சில நிமிடத்திலேயே சொட்டினால் உடைந்த ஓடு அல்லது நழுவிய ஓடு. ஒரு மணி நேரம் பெய்த பிறகு பல இடங்களில் மெல்லக் கசிந்தால், ஓடு தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டது என்று பொருள். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் சரிவுக் குறைவு, முகட்டோடு (கூரை உச்சியை மூடும் ஓடு), ஓரச் சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஒழுகி ஆடி மழையில் ஒழுகாவிட்டால் வடக்கு, கிழக்குச் சரிவுகளைச் சந்தேகியுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் சாரலை ஏற்றுகிறது. மழை விட்டுப் பத்து நிமிடம் கழித்தும் ஒரே இடத்தில் நிற்காமல் சொட்டினால் எங்கோ தண்ணீர் தேங்குகிறது: கூடல்வாய் (இரண்டு சரிவு சேரும் மூலை), தூம்பு (கூரை விளிம்புத் தண்ணீரை வாங்கும் கால்வாய்), அல்லது குப்பை அடைத்த பள்ளம்.

மழை இல்லாத நாளில் ஹோஸ் பைப்பால் சோதிக்கலாம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்திலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று வரிசை ஓட்டை மட்டும் பத்து நிமிடம் நனையுங்கள். சொட்டவில்லை என்றால் அடுத்த வரிசைகளுக்கு ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து எதுவும் தெரியாமல் போகும். தண்ணீரைக் கீழ்நோக்கி மழைபோல விட வேண்டும். கீழிருந்து இடுக்குக்குள் பீய்ச்சினால் நல்ல கூரையும் ஒழுகும்.

மேலே ஏறாம, ஓடு நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

எதிர் வீட்டு மாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். ஓட்டு வரிசை நேர்கோடாக இருக்கிறதா, எங்காவது ஒரு ஓடு கீழே இறங்கியோ கோணலாகவோ இருக்கிறதா, முகட்டுக் கோடு நேராக இருக்கிறதா, இறவாரத்தின் கடைசி வரிசை தலைகுனிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரிசைக்கு ஒரு குறிப்பு: மற்ற ஓடுகள் கீழே உள்ள ஓட்டின்மேல் தங்குகின்றன, கடைசி ஓட்டுக்குக் கீழே ஓடு இல்லை. அதனால் இறவாரத்தில் ரீப்பரை ஓர் ஓட்டின் கனத்துக்கு, சுமார் ஓர் அங்குலம், உயர்த்தி அடிக்க வேண்டும். அதைச் செய்யாத கூரையில் கடைசி வரிசை தொங்கி, அதற்கு மேல் வரிசைக்கு வாய் திறந்திருக்கும்.

உள்ளே ஏணி போட்டு, ஓட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட, விரிசல் இல்லாத ஓடு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டதும் ஊறிப்போனதும் மொத்தென்று ஒலிக்கும். நனைந்த ஓடு எல்லாமே மந்தமாக ஒலிக்கும், ஆகவே காய்ந்த நாளில் தட்டுங்கள். அடிப்பக்கத்தில் வெள்ளை உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் செம்மண் தூளாக வந்தால் அந்த ஓட்டின் ஆயுள் முடிகிறது.

சந்தேகமான ஓட்டைக் கழற்றி எடை போட்டுப் பார்க்கலாம். நன்றாகக் காயவைத்து எடை எடுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி வைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். 2.5 கிலோ ஓடு 3 கிலோ ஆனால் 20 சதவீதம் குடித்திருக்கிறது. அதுதான் எல்லை. அதற்கு மேல் குடிக்கும் ஓடு நீண்ட மழையில் அடியில் வியர்க்கும்.

ஓட்டு மேல நடக்கலாமா? எங்க கால் வைக்கணும்?

கூடிய வரைக்கும் நடக்காதீர்கள். ஒழுகலைச் சரிசெய்ய ஏறியவர் உடைத்த ஓட்டால் அடுத்த மழையில் புது ஒழுகல் வருவது மிக அதிகமாக நடக்கிறது. ஏறியே ஆக வேண்டுமென்றால் மூங்கில் ஏணியையோ குறுக்குக் கட்டை அடித்த பலகையையோ சரிவில் படுக்க வைத்து, அதன் மேல்முனையை முகட்டுக்கு மறுபக்கம் கயிற்றால் கட்டி, அதன்மேல் மட்டும் நகருங்கள். நேரடியாகக் கால் வைக்க நேர்ந்தால் ஓட்டின் கீழ் முனையில், அடுத்த ஓடும் ரீப்பரும் தாங்கும் இடத்தில் வையுங்கள். ஓட்டின் நடு வயிற்றில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஈர ஓடும் பாசி ஓடும் சோப்பைப்போல வழுக்கும். மழை விட்டு இரண்டு நாள் காய்ந்த பிறகு, காலையில் வெயில் ஏறுமுன் வேலையை முடியுங்கள். இடுப்பில் கயிறு கட்டி மறுபக்கம் உறுதியான தூணிலோ மரத்திலோ முடியுங்கள். கீழே ஒருவர் நிற்கட்டும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கூரைக்கு மேல் போகிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டு மெயினை அணைத்தாலும் அந்த ஒயரில் மின்சாரம் இருக்கும். ஓட்டைத் தூக்குமுன் கம்பால் தட்டுங்கள், தேளும் குளவிக்கூடும் இருப்பது சாதாரணம்.

ஒரே ஒரு ஓடுதான் உடைஞ்சிருக்கு. நானே மாத்த முடியுமா?

முடியும். கூரைக்கு அடியில் பலகையோ சீலிங்கோ இல்லையென்றால் உள்ளிருந்தே செய்யலாம், மேலே ஏறவே வேண்டாம். உடைந்த ஓட்டின் மேல் வரிசையில் அதை மூடியிருக்கும் ஓட்டையும், பக்கத்தில் அதன் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஓட்டையும் கீழிருந்து மெல்ல உயர்த்தி, ஓர் அங்குல மரச் சக்கையைச் செருகி நிறுத்துங்கள். உடைந்த ஓட்டைச் சற்று மேலே தள்ளி மூக்கை ரீப்பரிலிருந்து விடுவித்து, திருப்பி உள்ளே இறக்குங்கள். புது ஓட்டை அதே வழியில் வெளியே அனுப்பி, கீழ்நோக்கி இழுத்து மூக்கு ரீப்பரில் மாட்டியதை விரலால் தொட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு சக்கையை எடுங்கள். உயர்த்திய ஓடுகள் மறுபடி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தனவா என்று பார்ப்பதுதான் பலர் விட்டுவிடும் வேலை.

அடுத்த மழைக்குள் ஓடு கிடைக்காவிட்டால், தகரத்தை ஓட்டின் அகலத்துக்கு வெட்டி, மேல் ஓட்டுக்கு அடியில் 6 அங்குலம் நுழையும்படி செருகி வைக்கலாம். ஒரு பருவம் தாங்கும்.

கடையில வாங்கின புது ஓடு பழசோட ஒட்ட மாட்டேங்குது. என்ன செய்யறது?

ஆலைக்கு ஆலை அச்சு சில மில்லிமீட்டர் வேறுபடும். பள்ளமும் மேடும் பொருந்தாவிட்டால் ஓடு ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒழுகல் அங்கேயே வரும். ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். வீடு இடிக்கும் இடங்களிலும் பழைய சாமான் கடைகளிலும் அதே முத்திரை ஓடு கிடைக்கும். அங்கே ஒவ்வொன்றையும் தட்டி வாங்குங்கள்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பின்கட்டிலோ மாட்டுக்கொட்டகையிலோ ஒரு முழுச் சரிவைப் பிரித்து அதற்குப் புது ஓடு போடுங்கள். அங்கிருந்து எடுத்த பழைய ஓடுகளை முன்வீட்டுக்கு இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சரிவில் இரண்டு அச்சைக் கலப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இடுக்குல எல்லாம் சிமெண்ட் பூசிட்டா ஒழுகவே ஒழுகாதுன்னு சொல்றாங்களே?

ஓட்டுக் கூரைக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில் இதுதான் பெரியது. தயவுசெய்து செய்யாதீர்கள். வெயிலில் ஓடும் சிமெண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, அடியில் மரமும் அசைகிறது. ஒரு கோடையிலேயே சிமெண்ட் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் புகும் தண்ணீர், முன்பு தானாக ஓடிப்போனது, இப்போது வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கி ரீப்பரை நனைத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது கெடுதல் பின்னால் தெரியும்: ஒட்டிப்போன ஓட்டைத் தனியாக எடுக்க முடியாது, ஒன்றை மாற்ற நான்கு உடையும். பிரிக்கும்போது மறுபடி பயன்படும் ஓடே மிஞ்சாது.

தார், எம்சீல், சிலிக்கான் பசை ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். மாற்று ஓடு கிடைக்கும்வரை ஒரு விரிசலை அடைக்க அவை உதவும். இடுக்கை அடைக்க அல்ல.

முகட்டோட்டுல வெடிப்பு வந்திருக்கு. அங்கயும் சிமெண்ட் கூடாதா?

முகட்டில் கலவை வேண்டும், ஆனால் அளவாகவும் மென்மையாகவும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை போதும். சிமெண்ட் அதிகமான கலவை கெட்டியாகி, சுருங்கி, ஓட்டை விட்டுப் பிரிந்துவிடும். பழைய கலவையை முழுக்கச் சுரண்டி எடுத்து, முகட்டோட்டையும் அடியில் உள்ள ஓட்டையும் தண்ணீரில் நனைத்த பிறகே வைக்க வேண்டும். காய்ந்த ஓடு கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது.

முகட்டோட்டின் இரு ஓரங்களிலும், இரண்டு முகட்டோடு சேரும் முட்டிலும் மட்டும் கலவை வையுங்கள். உள்ளே குடைவு முழுவதையும் கலவையால் நிரப்பினால் அது கூரையின் உச்சி மரமான மோட்டுவளைமேல் ஈரத் துணி போல உட்கார்ந்து மரத்தை உளுக்கவைக்கும். முட்டு வெடிப்பு மயிரிழையாக மட்டும் இருந்தால் அந்த இடத்தைக் கீறிப் பூசினால் போதும். முகட்டோட்டைக் கையால் அசைத்தால் ஆடுகிறது என்றால் எடுத்து மறுபடி பதியுங்கள்.

ரெண்டு கூரை சேர்ற மூலையில, கூடல்வாயிலதான் எப்பவும் பிரச்சினை. ஏன்?

இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கே சேர்கிறது, சரிவோ அங்கே மற்ற இடத்தைவிடக் குறைவு. முற்றம் வைத்த வீடுகளில் நான்கு மூலையிலும் இது இருக்கிறது. கூடல்வாய்த் தகரம் மொத்தம் 18 அங்குலமாவது அகலம் வேண்டும். இருபுறமும் ஓட்டுக்கு அடியில் 5 அல்லது 6 அங்குலம் போய், நடுவில் ஓடு மூடாமல் தெரியும் பள்ளம் 6 அங்குலம் இருக்க வேண்டும். பள்ளம் ஒடுங்கினால் புளிய இலையும் வேப்பிலையும் அடைத்துவிடும். தகரத்தின் இரு விளிம்பையும் அரை அங்குலம் மேல்நோக்கி மடித்துவிடச் சொல்லுங்கள். கனமழையில் ஒரு சரிவிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் எதிர்ப்பக்க ஓட்டுக்கு அடியில் ஏறாமல் தடுப்பது அந்த மடிப்புதான். இரண்டு தகரம் சேரும் இடத்தில் மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் 6 அங்குலம் ஏற வேண்டும். நடுப்பள்ளத்தில் ஆணி கூடாது, விளிம்பில் மட்டும்.

கூரை சுவரில் முட்டும் இடத்துக்கும் இதே அக்கறை வேண்டும். ஓட்டையும் சுவரையும் சேர்த்துப் பூசிய சிமெண்ட் ஓரம் கட்டாயம் வெடிக்கும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரத்தின் மேல் விளிம்பை அதில் செருகிப் பூசி, கீழ்ப்பாகத்தை ஓட்டின்மேல் தளர்வாக விட்டுவிட வேண்டும். சுவரும் கூரையும் தனித்தனியே அசையும்போதும் இது தாங்கும்.

ரீப்பர்ல மாவு கொட்டுது. கரையானா, வண்டா?

மைதா போன்ற நைஸ் மாவும், மரத்தில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டைகளும் இருந்தால் வண்டு. சுவரிலிருந்து மண்குழாய் ஏறியிருந்தால் தரைக் கரையான். கசகசா போன்ற உருண்டைத் துகள் குவிந்திருந்தால் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. தரைக் கரையானுக்கு மரத்தில் மருந்தடித்துப் பயனில்லை. மண்குழாய் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டு, சுவரடி மண்ணுக்கு மருந்து விட வேண்டும். அதை அனுபவமுள்ள ஆளிடம் விடுங்கள். வண்டு ரீப்பரோடு நின்றிருந்தால் ரீப்பரை மாற்றுவதே சிக்கனம். கைமரத்தில் லேசாக இருந்தால் போராக்ஸ் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு சேர்த்து வெந்நீரில் 10 சதவீதக் கரைசலாக்கி, பூச்சு இல்லாத மரத்தில் இரண்டு முறை ஊறத் தடவலாம். நனையும் இடத்தில் அது கரைந்து போய்விடும், ஆகவே முதலில் ஒழுகலை நிறுத்துங்கள்.

எந்த மரம் பலமிழந்தது என்று அறிய ஸ்க்ரூடிரைவர் போதும். அழுத்திக் குத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. முக்கியமாகக் குத்த வேண்டிய இடங்கள் கைமரம் சுவரில் உட்காரும் முனை, இறவார முனை, கூடல்வாய்க்கு அடியில் உள்ள மரம், மோட்டுவளையின் முதுகு. வைரம் பாய்ந்த பனங்கை, அதாவது பனைமரக் கைமரம், வெளியே சொரசொரப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்பாக இருக்கும். இளம் பனையில் செய்தது வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே தூளாகியிருக்கும். கண்ணை நம்பாதீர்கள், குத்திப் பாருங்கள்.

கூரை நடுவுல தொய்ஞ்ச மாதிரி இருக்கு. இடிஞ்சு விழுமா?

முகட்டிலிருந்து இறவாரம்வரை கைமரத்தின் அடியில் நூல் பிடித்து இழுத்துக் கட்டுங்கள். 10 அடி நீளத்தில் தொய்வு ஓர் அங்குலத்துக்குள், மரம் குத்தினால் உறுதி, வருடக்கணக்கில் மாறவில்லை என்றால் அது மரத்தின் பழைய வளைவு. பயப்பட வேண்டாம். சுவரில் தேதியோடு குறித்து வைத்து அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி அளந்து பாருங்கள். கூடிக்கொண்டே போனாலோ, கைமரத்தில் குறுக்கு வெடிப்பு இருந்தாலோ, சுவரின் மேற்பகுதி வெளியே தள்ளியிருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அன்றே முட்டுக் கொடுத்து, ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

எடையைக் கணக்குப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு, காய்ந்த நிலையில் 350 முதல் 420 கிலோ. ஊறும் ஓடாக இருந்தால் மழையில் இன்னும் 60, 70 கிலோ ஏறும். கூரை பெரும்பாலும் மழையின்போதே விழுவதற்கு இந்த எடையும் ஒரு காரணம்.

பாசி பிடிச்சிருக்கு. தேய்ச்சுக் கழுவி பெயிண்ட் அடிச்சா ஒழுகல் நிக்குமா?

நிற்காது. பெயிண்ட் விரிசலையும் நழுவிய ஓட்டையும் சரிசெய்யாது. மெல்லிய பாசி தீங்கில்லை. பக்கப் பள்ளத்தில் மெத்தையாக வளர்ந்து தண்ணீரை மறித்தால் மட்டும் காய்ந்த பிறகு மரக்கரண்டியாலோ தென்னந் துடைப்பத்தாலோ எடுங்கள். கம்பி பிரஷும் அழுத்தப் பம்பும் ஓட்டின் சுட்ட மேல்தோலை உரித்துவிடும், பிறகு அது இன்னும் அதிகம் குடிக்கும். பாசி திரும்பத் திரும்ப வந்தால் மேலே கவிந்திருக்கும் கிளையை வெட்டி வெயில் படவிடுவதே மருந்து.

அழகுக்குப் பூச விரும்பினால் மேற்புறம் மட்டும் பூசுங்கள். இரு புறமும் பூசினால் உள்ளே போன ஈரம் வெளிவராது. ஊறும் ஓட்டுக்கு, படலம் கட்டாமல் உள்ளே இறங்கி நீரை விலக்கும் சிலேன் வகைப் பூச்சு ஓரளவு உதவும். வெக்கைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது பழைய நல்ல வழி, ஆனால் மழைநீர் சேமிப்பவர்கள் முதல் சில மழையை வெளியே விட வேண்டும்.

ஓட்டுக்கு அடியில பாலிதீன் ஷீட் விரிச்சோம். மழையே இல்லாத மார்கழியில சொட்டுது! இது எப்படி?

அது மழைத்தண்ணீர் அல்ல, பனி படிவதுபோல வீட்டுக்குள்ளேயே உருவாகும் நீர். இரவில் ஓடு சீக்கிரம் குளிர்கிறது. சமையல், மூச்சு, ஈரத்துணி என்று வீட்டுக்குள் இருந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்த பாலிதீனில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. முன்பு அந்தக் காற்று இரண்டாம் பதிலில் சொன்ன இடுக்குகள் வழியே வெளியேறியது. இப்போது அடைபட்டுவிட்டது. விட்டுவைத்தால் ரீப்பர் உளுக்கும்.

பாலிதீனை எடுத்துவிடுங்கள். தூசிக்காகச் சீலிங் வேண்டுமென்றால் அதை ஓட்டை ஒட்டி அடிக்காமல் தாழ்த்திப் போட்டு, இறவாரத்திலும் முகட்டருகே முக்கோணச் சுவரிலும் காற்று வழி விடுங்கள். சீலிங்கில் ஆள் நுழையும் ஒரு திறப்பும் அவசியம். இல்லையென்றால் மூன்றாம் பதிலில் சொன்ன ஈரக்கோட்டைத் தேட முடியாது, எலி கூடு கட்டினாலும் தெரியாது.

புயல் வந்தா ஓடு பறக்காம இருக்க என்ன செய்யணும்?

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஏராளமான ஓட்டுக் கூரைகள் சேதமாயின. காற்று சரிவின் மேல் ஓடும்போது ஓட்டை அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் இறவாரம், முக்கோணச் சுவர் ஓரம், முகடு ஆகிய விளிம்புகளில் மிக அதிகம். முதல் ஓடு கிளம்பினால் காற்று உள்ளே புகுந்து மற்றவற்றைத் தூக்கும்.

பல சீமை ஓடுகளின் அடிப்பக்கத்தில் கம்பி கோக்க ஒரு துளை இருக்கும். இறவாரத்திலும் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு வரிசை ஓடுகளை 16 கேஜ் துத்தநாகம் பூசிய கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். கடலோரமென்றால் செம்புக் கம்பி நல்லது. ஓட்டைக் கட்டினால் மட்டும் போதாது. ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவரில் உள்ள விட்டத்தோடும் இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். எடை மட்டுமே நிறுத்திவைத்த கூரை கூட்டோடு பெயரும்.

நாட்டு ஓட்டை எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் பிரிச்சு அடுக்கணும்?

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. மூக்கு இல்லாததால் பூனை, குரங்கு, காற்று என்று எது பட்டாலும் நழுவும். பங்குனி, சித்திரையில் வரிசை வரிசையாக எடுத்து, மண்ணையும் இலையையும் உதறி, தட்டும் சோதனையில் தேறியதை மட்டும் கீழிருந்து மேலாக மறுபடி அடுக்க வேண்டும். எடுத்ததில் கணிசமானது உடையும் என்பதால் முன்கூட்டியே ஓடு சேர்த்து வையுங்கள். வரிச்சு (நாட்டு ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பனையா மூங்கிலா என்று பார்த்து, உளுத்ததை அதே வேளையில் மாற்றிவிடுங்கள். குரங்குத் தொல்லை உள்ள ஊரில் மேலே கம்பி வலை விரித்துக் கட்டுவது மட்டுமே நிலைத்த பலன் தருகிறது.

எப்ப முழுசாப் பிரிச்சு மேயணும்? எவ்வளவு சாமான் ஆகும்?

பத்தில் ஒன்றுக்குக் குறைவான ஓடு கெட்டிருந்தால் தனித்தனியே மாற்றுங்கள். நான்கில் ஒன்று மொத்தென்று ஒலித்தாலோ, ரீப்பர் பரவலாகப் போயிருந்தாலோ, ஓடு நன்றாக இருந்தும் ஆணிகள் துருப்பிடித்து வரிசை முழுதும் இறங்கியிருந்தாலோ பிரித்து மேய்வதே லாபம். பெரும்பாலான வீடுகளில் ஓட்டுக்கு முன்பே ரீப்பர் முடிந்துவிடுகிறது. நல்ல ஓடு மறுபடி ஏறும்.

30 அடி நீள வீட்டில் ஒவ்வொரு சரிவும் 12 அடி என்றால் இரண்டு சரிவும் சேர்ந்து 720 சதுர அடி. சரிவின்மேல் அளக்க வேண்டும், தரையில் அல்ல. ஓடு சுமார் 1,010, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 1,060. முகட்டோடு 10 அடிக்கு 8 அல்லது 9. இரண்டுக்கு ஓர் அங்குல ரீப்பர் ஏறத்தாழ 750 அடி ஓட்டம். ஆணி இரண்டரை அங்குலம், துத்தநாகம் பூசியது.

ரீப்பர் இடைவெளியை யாரும் சொல்லும் எண்ணில் வைக்காதீர்கள், உங்கள் ஓட்டில் அளங்கள். தரையில் 11 ஓட்டை ஒரே வரிசையாக மாட்டி, முதல் ஓட்டின் மூக்கிலிருந்து கடைசி ஓட்டின் மூக்குவரை முதலில் நெருக்கித் தள்ளி அளந்து, பிறகு கழலாமல் இழுத்து அளந்து, இரண்டின் சராசரியைப் பத்தால் வகுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டி வரும். பிரிக்கும்போது ஒரு சரிவை முழுதும் காலி செய்துவிட்டு மறுசரிவுக்குப் போகக் கூடாது. இரு பக்கமும் முகட்டிலிருந்து சமமாக இறங்க வேண்டும். ஒருபக்க எடையில் பழைய மரச்சட்டம் சாயும். எடுத்த ஓட்டைப் படுக்கவைத்து அடுக்காமல் நெட்டுக்குத்தாகச் சாய்த்து வையுங்கள்.

ஓட்டுக் கூரையில மழைநீர் சேமிக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஓட்டு வீடும் அதில் சேரும். தரைப்பரப்பில் 1,000 சதுர அடி மூடும் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சிந்தல் போக 700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தூம்புக்கு 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு விடுங்கள். ஓட்டின் முனை தூம்புக்குள் இரண்டு அங்குலம் நீட்டியிருக்கட்டும், சுவரோரமாகத் தண்ணீர் திரும்பி வராது. பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

வருஷத்துல எப்ப என்ன பார்க்கணும்?

மார்கழி, தையில் அந்தப் பருவத்தில் ஒழுகிய இடங்களைச் சாக்பீஸ் குறியை வைத்துப் பட்டியல் எடுங்கள். பங்குனி, சித்திரையில் ஓடு, ரீப்பர், முகட்டு வேலைகள். ஆடிக்காற்றுக்கு முன் கம்பிக் கட்டுகளும் கவிந்த கிளைகளும். புரட்டாசியில் கூடல்வாய், தூம்பு, பக்கப் பள்ளம் எல்லாவற்றிலும் இலை எடுத்து, ஒரு ஹோஸ் சோதனை. ஐப்பசியில் முதல் பெருமழையின்போது டார்ச்சோடு ஒரு சுற்று.

இவ்வளவு வேலைக்கு ஓட்டையே எடுத்துட்டு கலர் ஷீட் போட்டுடலாமே?

போடலாம், ஆனால் அதே மரத்தின்மேல் அப்படியே மாட்டிவிட முடியாது. முதலாவது, வெக்கையும் மழைச் சத்தமும். மெல்லிய தகட்டுக்கு வெயிலைத் தாங்கி வைக்கும் கனமில்லை, ஓட்டு வீட்டின் மதியக் குளிர்ச்சி போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் போகவே வேண்டாம். வெட்டும்போதும் உடையும்போதும் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

பலரும் யோசிக்காதது எடை. 100 சதுர அடிக்குச் சுமார் 400 கிலோவாக இருந்த கூரை, ஷீட் போட்டதும் 40, 50 கிலோவாகிவிடும். மரத்துக்கு அது நிம்மதிதான். ஆனால் இத்தனை நாள் அந்தக் கூரையைக் காற்றில் பிடித்து வைத்திருந்தது ஓட்டின் எடை. ஷீட் போடுகிறவர் கைமரத்தை விட்டத்தோடும் விட்டத்தைச் சுவரோடும் போல்ட்டும் பட்டையும் வைத்துப் பிணைத்துத் தருகிறாரா என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். ஷீட்டைப் பிடிக்கும் ஆக்கர் ஸ்க்ரூ ரீப்பரில் மட்டும்தான் இறங்குகிறது என்று சொன்னால், புயல் பக்கத்து ஊர்களில் அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரித்த ஓட்டை விற்பதாக இருந்தாலும், நன்றாக ஒலிப்பதில் நூறாவது தனியே எடுத்து வையுங்கள். தாழ்வாரத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அதே அச்சு பிறகு கிடைப்பது கடினம்.